மரமா, மூங்கிலா, கார்பனா? நம் ஊர் ஈரத்தில் வில்லுக்கேற்ற அம்பு

பிப்ரவரியில் ஒரு மாலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு, பக்கத்துத் தாமானில் குடியிருக்கும் தம்பி ஒருவர் வந்தார். பழைய நாளிதழில் சுற்றிய மூன்று கார்பன் அம்புகளை டயர் கழற்றும் மேசைமேல் வைத்து, “அண்ணே, இன்னும் ஒரு அங்குலம் வெட்டித் தருகிறீர்களா?” என்று கேட்டார். 32 அங்குலத்தில் வாங்கியவை 29க்கு வந்திருந்தன. ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் அம்பு முன்னைவிடக் கோணலாகவே பறந்திருக்கிறது. நான் ரம்பத்தை எடுக்கவில்லை. எப்படி எய்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன்.

நாணைக் கட்டைவிரலால் இழுத்தார். அம்பு வில்லின் வலப்பக்கம் படுத்திருந்தது. நம் ஊர்த் திடலில் ஞாயிறு காலைகளில் மலாய் நண்பர்கள் எய்வதைப் பார்த்துப் பழகிய முறை அது, பழுதில்லை. ஆனால் அம்பைத் திருத்துவது பற்றி அவர் படித்திருந்த விளக்கம், மூன்று விரலால் இழுத்து அம்பை இடப்பக்கம் வைப்பவர்களுக்கானது. ஆகவே இடம் வலம் எல்லாம் அவருக்குத் தலைகீழ். ஏற்கெனவே விறைப்பாக இருந்த அம்பைத் துவள்கிறது என்று நினைத்து வெட்டியிருக்கிறார். வெட்ட வெட்ட அது மேலும் விறைத்திருக்கிறது.

மூன்று தண்டு போன கோபத்தில், “கார்பனே நமக்குச் சரிப்படாதோ? மரத்துக்கு மாறிவிடலாமா? மூங்கில் ஆற்றோரத்தில் சும்மாவே கிடைக்கிறதே?” என்று அடுக்கினார். இந்தக் கேள்வியோடு வருகிற நான்காவது ஆள் அவர். அன்று நின்றபடி சொன்னதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குதிரைவில்லோ நீள்வில்லோ வாங்கியவர், முதல் அரை டஜன் அம்பைக் கார்பனில், முழு நீளத்தில், பறவை இறகு ஒட்டியதாக வாங்கட்டும். மூங்கில் இரண்டாவது, அது பொறுமைக்காரர்களுக்கு. மரம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனாலும் மூன்றாவதாகத்தான் வைப்பேன். வேகமும் விலையும் அல்ல என் அளவுகோல். பாரம்பரிய வில்லில் திருகி நிமிர்த்த எதுவுமே கிடையாது. போட்டி வில்லில் அம்பு சாயும் பொத்தானையாவது முன்னே பின்னே நகர்த்தலாம். இங்கே ஒரு துண்டுத் தோலும் நம் கைவிரலும்தான். திருத்தம் ஏறக்குறைய முழுவதும் அம்பின் தலையில் விழுகிறது. ஆகவே எந்த அம்பு திருத்துவதற்கு இடம் கொடுத்து, திருத்திய பிறகு அப்படியே நிற்கிறதோ அதுதான் முதல் அம்பு.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போவார். ஒவ்வோர் அடிக்கும் கம்பு ஏறி இறங்கும். விறைத்த கம்பானால் அடிக்கு அடி தோளில் இடிக்கும். துவண்ட கம்பானால் வாளி ஆடிப் பால் சிந்தும். தன் நடைக்கும் சுமைக்கும் ஒத்துவந்த கம்பை அவர் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. அம்புக்கும் வில்லுக்கும் உள்ள உறவு இதுதான். அம்பு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைவிட, தள்ளும்போது எவ்வளவு வளைகிறது என்பது முக்கியம்.

வளைய வேண்டிய அவசியம் என்ன? நடுவில் அம்பு போக ஜன்னல் வெட்டாத வில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நாண் ஓடுவதோ வில்லின் நடுவை நோக்கி. கணக்குப்படி அம்பு பக்கவாட்டில் விலகித்தான் போகவேண்டும். போவதில்லை. நாண் பின்னாலிருந்து தள்ளும் வேகத்தில் தண்டு வளைந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, மீன் நெளிவதுபோல் நெளிந்து நேராகிறது. வில்லாளியின் புதிர் என்ற பொருளில் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் எல்மர். 1930களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படச்சுருளில் இந்த நெளிவைப் பிடித்துக் காட்டினார். தண்டு விறைப்பாக இருந்தால் வில்லைச் சுற்ற முடியாமல் உரசி வெளியே தள்ளப்படும். துவண்டால் வில்லைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடும்.

இந்த வளைவைக் கடையில் ‘ஸ்பைன்’ என்பார்கள். எண் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். மர அம்பில் எண், வில்லின் இழுவிசையைப் போலப் பவுண்டுக் கணக்கு. எண் கூடினால் விறைப்பு கூடும். கார்பனில் எண் தொய்வுக் கணக்கு. எண் கூடினால் விறைப்பு குறையும். 500 என்ற கார்பன் தண்டைவிட 700 துவளும். ‘35 பவுண்டு வில்லுக்கு 350 கார்பன்’ என்று வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த அம்புகளை அவர் இப்போது தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

வீட்டிலேயே அளக்கலாம். என் பட்டறைச் சுவரில் இரண்டு ஆணி, நடுவுக்கு நடு 26 அங்குலம், அதாவது 660 மில்லிமீட்டர். தண்டை ஆணிகளின்மேல் படுக்கவைத்து, சரியாக நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். 907 கிராம் மணலை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். எடை தொங்கும்போது தண்டு எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது என்று இரும்பு ஸ்கேலில் பார்த்து, 660ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவுண்டுக் கணக்கு வந்துவிடும். 22 மி.மீ. தொய்ந்தால் 30 பவுண்டு, 16.5 தொய்ந்தால் 40. கார்பனின் அச்சு எண் வேறு அளவில் எடுக்கப்படுகிறது: 28 அங்குல இடைவெளி, 1.94 பவுண்டு எடை, தொய்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 700 என்று அச்சிட்ட தண்டை என் ஆணிகளில் வைத்தால் 15 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகத் தொய்கிறது. ஏறக்குறைய 45 பவுண்டு.

35 பவுண்டு வில்லுக்கு 45 பவுண்டுத் தண்டா என்று தம்பியும் கேட்டார். ஆணிகளுக்கு இடையே இருப்பது 26 அங்குலம்தான்; பறக்கும் அம்போ 31, 32 அங்குலம். நீளம் கூடக் கூட அம்பு அதிகம் வளையும். ஓர் அங்குலம் கூடினால் ஏறக்குறைய 5 பவுண்டு துவளும் என்பது வில்லாளிகளின் கைக்கணக்கு. ஜன்னல் இல்லாத வில்லுக்கு, வில்லின் இழுவிசையைவிட 5 முதல் 10 பவுண்டு குறைந்த விறைப்பு வேண்டும் என்பது இன்னொரு கைக்கணக்கு. இரண்டையும் சேர்த்தால் 35 பவுண்டு குதிரைவில்லுக்கு 700 கார்பன், 31 அங்குலத்துக்குப் பக்கத்தில் என்று வருகிறது. சிலருக்கு 800. தொடங்கும் இடம் இது. மிச்சத்தை எய்துதான் பார்க்கவேண்டும்.

இழுவிசையையும் வில்லில் எழுதியபடியே நம்ப வேண்டாம். 28 அங்குலத்துக்கு 35 என்றிருந்தால் 28 அங்குலம் இழுப்பவருக்கே 35. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு இறங்கிவிடும். முழுதாக இழுத்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரை அம்பில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தானே போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் ஓர் அங்குலம் கூடவே வரும்.

இனி பொருளுக்கு வருகிறேன்.

என் முதல் டஜன் மரம். போர்ட் ஆர்ஃபர்ட் சிடார், அமெரிக்காவின் ஓரிகன் கடலோரத்து மரம். சீவினால் இஞ்சி வாசனை அடிக்கும். ஆணிகளில் வைத்துப் பார்த்தபோது பன்னிரண்டும் ஒரு பவுண்டு இரண்டு பவுண்டுக்குள் ஒத்திருந்தன. எய்தால் சத்தமே வராது. இலக்கில் பதியும் ஒலியிலேயே ஒரு மென்மை. அக்டோபர், நவம்பர் மழை வந்தது. ஐப்போவுக்கு வடக்கே இந்தப் பள்ளத்தாக்கில் மதியத்துக்குமேல் இடிமழை ஆரம்பித்தால் சுவரே வியர்க்கும். டிசம்பரில் அம்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகையில் உருட்டினேன். ஏழு நேராக உருண்டன. ஐந்து, நொண்டிக் கோழி மாதிரி துள்ளித் துள்ளிப் போயின.

வளைந்த மரத்தை நிமிர்த்தலாம். உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, வளைவின் முதுகைக் கட்டைவிரலால் அமுக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் நேராகிவிடும். இரண்டு வாரத்தில் பழைய வளைவு திரும்பி வரும். வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் தாமதமாக வரும். மாதம் ஒருமுறை இந்த வேலையைச் செய்யத் தயாராக இருப்பவருக்கு மரத்தைப் போல் சுகமான அம்பு இல்லை. ஆனால் திருத்தம் கற்றுக்கொள்ளும் ஆளுக்கு இது தொல்லை. அம்பு வலப்பக்கம் போனால் விறைப்பு தவறா, கை தவறா, நேற்றைய மழை தவறா என்று தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் சதுப்புக் காட்டு மரமான ராமின் ஒரு காலத்தில் உருளைக் கம்பாகக் கடைந்து உலகெங்கும் ஏற்றுமதியானது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதில் அம்பு செய்து எய்தார்கள். வெட்டித் தீர்த்ததால் 2005 முதல் அழியும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நம் மண்ணில் வளர்ந்த அம்பு மரத்தை விட்டுவிட்டு, நாம் ஓரிகனிலிருந்து கப்பலில் வரவழைக்கிறோம்.

இரும்புக் கடையில் விற்கும் உருளைக் கம்பை வாங்கி அம்பாக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. மரத்தின் இழை நுனியிலிருந்து அடிவரை ஓடவேண்டும். இழை பாதியில் பக்கவாட்டில் வெளியேறும் கம்பு, நாண் தள்ளும்போது அந்த இடத்தில் சாய்வாகப் பிளக்கும். பிளந்த கூர்முனை வில்லைப் பிடித்திருக்கும் கையில் இறங்கும். நல்ல தண்டிலும் நாணைக் கவ்வும் பிளவை வளையக் கோடுகளுக்குக் குறுக்காக அறுக்கவேண்டும். கோட்டோடு அறுத்தால் நாணே ஆப்பாகித் தண்டைப் பிளந்துவிடும்.

மூங்கில் பற்றி நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: சும்மா கிடைக்கிறது, வெட்டி எய்யவேண்டியதுதான். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் மூங்கில் சிம்பை வளைத்து, தென்னை ஈர்க்கை அம்பாக்கி, லயத்துக் கோழிகளைத் துரத்தியவர்கள்தானே. ஆற்றின் மேல்பக்கத்துத் தெமியார் பழங்குடி மக்களின் வேட்டை ஊதுகுழலைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறும். கணு இல்லாமல் நீளமாக ஓடும் மூங்கிலைக் காட்டில் தேடி எடுத்து, ஒரு குழாயைப் பாதுகாக்க அதன்மேல் இன்னொரு குழாயைப் போர்த்தி, பெர்த்தாம் பனை மட்டையில் ஊசிபோல் சீவிய கணைகளைத் தனிக் குப்பியில் வைத்திருப்பார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அவர்களுடைய உழைப்பில் பாதி.

மூங்கிலின் நல்ல குணங்களைச் சொல்லிவிடுகிறேன். இயற்கையாகவே ஒரு முனை மெலிந்தது. மெலிந்த முனையைப் பின்னால் வைத்தால் எடை முன்னுக்குப் போய், நெளிவு சீக்கிரம் அடங்கும். மரம் முறியும் அடியில் மூங்கில் முறியாது. ஈரத்தில் வளைந்தாலும் மரத்தின் அளவுக்கு வளையாது. வளைந்தால் அடுப்புத் தணலில் கணுவைக் காட்டி நிமிர்த்தினால் அப்படியே நிற்கும். ஜப்பானியர் போர் அம்புகளை யாடாக்கே என்ற மெல்லிய மூங்கிலில்தான் செய்தார்கள். சீனாவின் டோங்கின் மூங்கில் தண்டுகள் ஸ்பைன் பார்த்துப் பிரிக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. அவசரக்காரர்கள் அதை வாங்கலாம்.

கெட்ட குணம் ஒன்றுதான், ஆனால் பெரியது: ஒன்றுபோல் ஒன்று இராது. ஒரே தண்டைக்கூட ஆணிகளின்மேல் உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் 34 பவுண்டு, கால் சுற்றுத் திருப்பினால் 30. விறைத்த பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, எல்லா அம்பிலும் அந்தக் கோடு வில்லின் பக்கம் வருமாறு கவ்வியை அறுக்கவேண்டும். நான் செய்த முதல் கட்டில் நாற்பது கழி வெட்டினேன். நிழலில் காய்ந்து, வெடித்தவை போக, வண்டு துளைத்தவை போக, ஆணிகளில் ஒத்துவந்தவை ஆறு. மூங்கில் சும்மாதான் கிடைக்கிறது; நான்கு மாதம்தான் சும்மா கிடைப்பதில்லை.

அலுமினியத்தை யாரும் கேட்பதில்லை, கேட்கவேண்டும். தண்டுக்குத் தண்டு ஒத்திருப்பதில் கார்பனுக்குக் குறைந்ததல்ல. எடையும் பாரம்பரிய வில்லுக்கு இதமாகக் கூடுதல். 1816 என்ற எண்ணின் பொருள் தண்டின் குறுக்களவு அங்குலத்தில் 64இல் 18 பங்கு, சுவரின் தடிப்பு ஆயிரத்தில் 16 பங்கு என்பது. ஆனால் ஒருமுறை செம்பனை அடிமரத்தில் மோதினால் வளைந்துவிடும். வளைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு வளைவதுதான் இதில் வம்பு. நம் பயிற்சித் திடல்களின் பின்னால் வேலிக்குப் பதில் பெரும்பாலும் செம்பனைதான். ஃபைபர் அம்பு பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு வில்லுக்குப் போதும், அதோடு விட்டுவிடலாம்.

கார்பனுக்கு மழையும் வெயிலும் ஒன்று. நவம்பரில் திருத்திய அம்பு மார்ச்சிலும் அதே அம்பு. இடம் மாறிக் குத்தினால் தவறு என் கையில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. விலையும் முன்போல் இல்லை. நல்ல சிடாரைக் கப்பல் கூலியோடு வரவழைப்பதைவிட நடுத்தரக் கார்பன் மலிவு. பார்வைக்கு அழகில்லை என்பவர்களுக்கு மரவரி அச்சிட்டதும் வருகிறது. எனக்கு அந்தப் பொய்யைவிடக் கறுப்புத் தண்டே மேல்.

கார்பனில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று எடை. மிகவும் இலேசான அம்பை எய்தால், அம்பு ஏற்காத சக்தி வில்லுக்கே திரும்பும். கிட்டத்தட்ட அம்பில்லாமல் வெறும் நாணை விடுவதுபோல. அம்பின் எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். வில்லின் ஒரு பவுண்டுக்கு 8 கிரெய்னுக்குக் கீழே போகவேண்டாம். 10 இருந்தால் நிம்மதி. 35 பவுண்டு வில்லுக்கு 350 கிரெய்ன், அதாவது 22.7 கிராம். இரண்டாவது எச்சரிக்கை விரிசல். எதிலாவது மோதிய தண்டை இரு கையாலும் மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்றால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். வெடித்த கார்பன் சில்லு கையில் ஏறினால் பிடுங்குவது லேசில்லை.

எந்தத் தண்டானாலும் பின்னால் இறகு, பிளாஸ்டிக் அல்ல. அம்பு கையின்மேலும் வில்லின் பக்கத்திலும் உரசிப் போகும் முறை நம்முடையது. வான்கோழி இறகு உரசும்போது படுத்து எழும். பிளாஸ்டிக் இடறி அம்பையே தள்ளிவிடும். ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும். இறகுத் தண்டின் முன்முனையை நூலால் இறுகச் சுற்றி, மேலே ஒரு சொட்டுப் பசை விடுங்கள். இல்லாவிட்டால் ஆள்காட்டி விரலின் கணுவைக் கீறும். என் இடக்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. மழையில் நனைந்த இறகு ஈர நாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து வீட்டுக்குப் போவதுதான்.

வாங்கியாயிற்று. இனி எப்படித் திருத்துவது? எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை, இறகில்லாத தண்டை எய்து பார்ப்பது. இறகு பின்னாலிருந்து தவறைத் திருத்திக்கொண்டே போகும். அதை எடுத்துவிட்டால் அம்பு உண்மையைச் சொல்லும். இறகு வைத்த மூன்று, இறகற்ற இரண்டு. பத்து மீட்டரில் தொடங்கி, பிறகு பதினெட்டு. மூன்று இறகு அம்பும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழாத நாளில் இந்தச் சோதனையே வேண்டாம்.

முதலில் மேல் கீழ். நாணில் அம்பு நிற்கும் இடத்தை, வில்லில் அம்பு படுக்கும் இடத்திலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வரும் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே வைத்துத் தொடங்குங்கள். இறகற்ற தண்டு வால் தூக்கிக் குத்தினால் அந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கவேண்டும். இது சரியாகும்வரை இடம் வலத்தைப் பார்க்கவே கூடாது.

பிறகு இடம் வலம். தம்பி விழுந்த குழி இது. வலக்கையால் மூன்று விரலில் இழுத்து அம்பை இடப்பக்கம் வைப்பவருக்கு, இறகற்ற தண்டு மற்றவற்றுக்கு இடப்பக்கம் குத்தினால் விறைப்பு, வலப்பக்கம் குத்தினால் துவளல். கட்டைவிரலால் இழுத்து வலப்பக்கம் வைப்பவருக்கு நேர்மாறு. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விறைத்த அம்பு தான் ஒட்டி நிற்கும் பக்கமாகவே விலகும். துவண்ட அம்பு வில்லைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும். எந்தக் கைக்கும் எந்த முறைக்கும் இது பொருந்தும். கட்டைவிரல்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விடும்போது வில்லை முறுக்கித் திருப்பும் பழக்கம் இருந்தால், அந்த முறுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வரும்வரை அம்பைக் குறை சொல்ல முடியாது.

துவளும் அம்பை விறைப்பாக்க வழி வெட்டுவது. ஒரே ஒரு தண்டை மட்டும், கால் அங்குலம் கால் அங்குலமாக. அது சரியான பிறகுதான் மற்றவற்றைத் தொடவேண்டும். விறைத்த அம்பைத் துவளச் செய்ய வழி முனையில் எடை கூட்டுவது. 100 கிரெய்ன் முனைக்குப் பதில் 125, 145 போடலாம். உள்ளே பித்தளைச் செருகி வைத்தும் கூட்டலாம். மர அம்பில் மணல்தாளால் தண்டைத் தேய்த்து மெலியவைக்கலாம். கார்பனைத் தேய்க்கக் கூடாது. வில்லின் பக்கத்தில் ஒட்டிய தோலைத் தடிப்பாக்கினால் அம்பு தன் பக்கமாகத் தள்ளப்படும், துவளும் அம்புக்குக் கொஞ்சம் உதவும். தோலை மெல்லியதாக்கினால் விறைத்த அம்புக்கு உதவும். கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அரை அடி விலகும் அம்பைத் தோலால் சரிக்கட்ட முடியாது.

வெட்டுவதா, எடை கூட்டுவதா என்றால் நான் எடையைத்தான் முதலில் முயல்வேன். முனையைக் கழற்றி மாற்றலாம். ரம்பம் தின்றதைத் திருப்பி ஒட்ட முடியாது. முழு நீளத்தில் வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். வெட்டுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. முழுதாக இழுக்கும்போது முனை வில்லுக்கு முன்னே ஓர் அங்குலமாவது நிற்கவேண்டும். முனை கைக்குப் பின்னால் நழுவியபின் நாணை விட்டால், அம்பு கையில்தான் பாயும். தம்பி 28 அங்குலம் இழுப்பவர். அவர் கேட்ட அந்த ஓர் அங்குலத்தை வெட்டியிருந்தால் முனை கையின் மேலேயே வந்து நின்றிருக்கும்.

அந்த மூன்று குட்டைத் தண்டுகளையும் தூக்கிப் போடவில்லை. பித்தளைச் செருகியும் முனையுமாகச் சேர்த்து 200 கிரெய்ன் ஏற்றினோம். மொத்த எடை 29 கிராமைத் தொட்டது. மெதுவாகத்தான் போகிறது, இருபது மீட்டருக்கு மேல் தலை கவிழ்கிறது. ஆனால் முன்பு இரண்டு சாண் வலப்பக்கம் போன இறகற்ற தண்டு இப்போது நான்கு விரல் அகலத்துக்குள் வந்துவிட்டது. பயிற்சிக்கு அது போதும். புதிதாக 700இல் அரை டஜன் வாங்கினார். 125 முனையோடு ஒரே தண்டை மூன்று முறை வெட்டி 31¼ அங்குலத்தில் நிறுத்தினோம். மேலும் நான்கை அதே அளவுக்கு வெட்டினேன். ஆறாவதை முழு நீளத்திலேயே வைத்திருக்கச் சொன்னேன். அடுத்த வருடம் 45 பவுண்டு வில் வாங்கப் போகிறேன் என்று இப்போதே பேசுகிறார். அப்போது 600 கேட்கவேண்டும். அதற்குமுன் இந்த ஆறாவதை அந்த வில்லில் எய்து, எவ்வளவு துவள்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூங்கில் ஆசையை அவர் விடவில்லை. மார்ச்சில் ஆற்றோரம் போய் முப்பத்தெட்டு கழி வெட்டி வந்தார். என் பட்டறைத் தகரக் கூரைக்கடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “காய்ந்துவிட்டதா அண்ணே?” என்கிறார். இன்று காலை பட்டறையைப் பெருக்கும்போது, மூன்று கழிகளுக்கு நேர்கீழே மட்டும் தரையில் மஞ்சள் பொடி கொட்டியிருந்தது. வண்டு. அந்த மூன்றையும் அவிழ்த்து வெளியே போட்டேன், மீதி முப்பத்தைந்து.